காற்றும் மணலும் காலமும்



பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்பெற்ற காஞ்சி மாநகரின் தென்புறத்தில், பாலாற்றங்கரையை ஒட்டி அமைந்த ஊர் செவிலிமேடு. ஊர்ப்பெயரின் வரலாறு எதுவாயினும், செவிலி என்னும் சொல் அகப்பாடல் பயின்றோர்க்கு ஒரு காட்சியை நினைவூட்டும். தலைவனுடன் சென்றுவிட்ட மகளைத் தேடிப் பாலை வழியில் நடக்கிறாள் செவிலித்தாய், எதிர்ப்படுவோரை வினவுகிறாள். வழியில் கிடப்பது மணல். காற்று ஒருமுறை வீசினால் அடிச்சுவடு மறைந்துவிடும். மணலில் பதிந்தது நிலையாது என்பது கவிமரபின் நெடுநாளைய முடிவு. மணலில் எழுதிய எழுத்து என்றும், மணலில் கட்டிய வீடு என்றும் நிலையாமைக்கு உவமை தேடும் போதெல்லாம் கவிஞர் கை மணலையே நாடுகிறது.

அறிவியலோ இதற்கு மாறான செய்தி ஒன்றைக் கூறுகிறது. மணல் மறப்பதில்லை. ஒரு மணற்றுகள் தான் கடைசியாகச் சூரியனைக் கண்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதைத் தன்னுள்ளே குறித்து வைத்திருக்கிறது. அக்குறிப்பைப் படிக்கும் கலையை இந்திய மண்ணில் வளர்த்தவர்களுள் முதன்மையானவர், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த அறிவியலறிஞர் அசோக் குமார் சிங்வி. அவர்தம் ஆய்வும் அதனைச் சார்ந்த பிறர் ஆய்வுகளும் தமிழ் நிலத்திற்கும் தமிழ்க் கவிதைக்கும் உணர்த்துவன யாவை என்பதே இவ்வுரையின் பொருள்.

சொல்லில் கிடக்கும் மணல்

மணலைத் தமிழர் ஒரே சொல்லால் அழைத்தாரல்லர். நுண்மணலுக்கு அயிர் என்று பெயரிட்டனர். நீர் கொண்டுவந்து ஒதுக்கிய மணல்மேட்டை எக்கர் என்றனர். நெய்தற் பாடல்களில் இச்சொல் மிகுதியாக ஆளப்பட்டுள்ளது. தென்பாண்டிச் சீமையில் காற்று குவித்த செம்மணற் குன்றுக்குத் தேரி என்பது பெயர். காற்றில் எழுவதைத் துகள், தூளி, புழுதி, பூழி எனப் பலவாறு வழங்கினர். தூசி என்பது இன்று அழுக்கைக் குறிக்கும் சொல்லாயினும், பழைய இலக்கியத்தில் படையின் முன்னணிக்கும் அதுவே பெயர். அதனோடு ஓசையால் நெருங்கிய தூசு என்னும் சொல் ஆடையைக் குறிக்கும். தெருவில் பாவு விரித்து, புழுதி படியாமல் காத்து, பட்டு நெய்யும் ஊரில் தூசும் தூசியும் அண்டை வீட்டார் போல் நிற்பது சுவைக்கத்தக்கது.

காற்றுக்கும் அவ்வாறே திசைவாரியாகப் பெயர் உண்டு. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். இவற்றுள் கோடை என்னும் பெயர் காற்றையும் பருவத்தையும் ஒருங்கே குறிப்பது கருதத்தக்கது. தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரையெல்லாம் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாகத் தமிழகத்துச் சமவெளியில் இறங்குகிறது. மேல்காற்றும் வெம்மையும் ஒன்றாக வருதலைக் கண்டவர்கள் இரண்டிற்கும் ஒரே பெயரை வைத்தனர். இந்தக் கோடைக்காற்றைத் தேரிகளைப் பற்றிய பகுதியில் மீண்டும் காணலாம்.

காற்று மணலை எடுத்துச் செல்லும் முறை

காற்று மணலை எங்ஙனம் எடுத்துச் செல்கிறது என்பதை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர் ரால்ப் பேக்னால்டு என்னும் ஆங்கிலேயப் படைப் பொறியாளர். எகிப்து, லிபியப் பாலைவனங்களில் கார்களில் நெடும்பயணம் செய்தவர் அவர். பின்னர் இலண்டனில் காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து, அதனுள் மணலைப் பரப்பி, அதன் இயக்கத்தை அளந்தார். 1941-இல் அவர் வெளியிட்ட நூல் இன்றளவும் இத்துறையின் அடிப்படை நூலாக விளங்குகிறது.

காற்றில் மணல் மூவகையாகச் செல்கிறது. மிக நுண்ணிய துகள் மிதந்து செல்கிறது, அதுவே புழுதி. நடுத்தரமான மணல் தத்தித் தத்திச் செல்கிறது. பருமணல் தரையை ஒட்டி ஊர்ந்து செல்கிறது. காற்றால் நகரும் மணலில் ஏறத்தாழ முக்கால் பங்கு தத்திச் செல்வதே என்று பேக்னால்டு கண்டார். தத்தும் மணல் பொதுவாக ஆளுயரத்திற்கு மேல் எழுவதில்லை. புழுதியோ மலைகளையும் கடல்களையும் கடக்க வல்லது.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. மிக நுண்ணிய துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் இயல்பின. காற்று மட்டும் வீசி அவற்றை எளிதில் எழுப்பிவிட இயலாது. தத்திச் செல்லும் மணல் வந்து மோதும்போதுதான் அவை சிதறி எழுகின்றன. வானை மறைக்கும் புழுதிப்புயலின் பின்னே, முழங்கால் உயரத்தில் துள்ளும் மணலின் உழைப்பு இருக்கிறது.

தரை ஈரமாக இருப்பின் மணல் எழாது. புல்லும் புதரும் மூடியிருப்பினும் எழாது. ஆகவே, வறட்சி மட்டும் மணற்குன்றை உண்டாக்கிவிடாது. அள்ளுவதற்கு உதிரி மணல், அள்ளும் வலிமையுள்ள காற்று, மூடாத தரை ஆகிய மூன்றும் ஒருங்கே கூட வேண்டும்.

மணலுக்குள் ஒரு கடிகாரம்

மணற்றுகளின் அகவையை அறியும் முறை மட்பாண்டத்திலிருந்து தொடங்கியது. மண்ணிலும் பாறையிலும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகிய தனிமங்கள் மிகச் சிறிய அளவில் கலந்துள்ளன. அவற்றின் கதிரியக்கம் அருகிலுள்ள குவார்ட்சு போன்ற கனிமத் துகள்களில் சிறிது சிறிதாக ஆற்றலைச் சேர்க்கிறது. துகளைச் சூடாக்கினால் அச்சேமிப்பு மெல்லிய ஒளியாக வெளிப்படும். இதற்கு வெப்ப ஒளிர்வு என்று பெயர். சூளையில் சுடப்பட்ட நாளில் பானையின் சேமிப்பு முழுதும் தீர்ந்துவிடுகிறது. பின்னர் மண்ணில் புதைந்த பானை மீண்டும் சேர்க்கத் தொடங்குகிறது. இன்று அதனைச் சூடாக்கி வரும் ஒளியை அளந்தால், சூளையை விட்டு வெளிவந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கணிக்கலாம்.

மணல் சூளைக்குச் செல்வதில்லை. ஆயினும் வெயிலில் காய்கிறது. தீ செய்யும் வேலையைச் சூரிய ஒளியும் பெருமளவு செய்கிறது என்பதே அடுத்த கண்டுபிடிப்பு. 1979-இல் ஆழ்கடற் படிவுகளுக்கு இம்முறை பயன்படுத்தப்பட்டது. 1982-இல் சிங்வியும் அவருடன் பணிபுரிந்த சர்மா, அகர்வால் ஆகியோரும் மணற்குன்றுகளின் காலத்தை வெப்ப ஒளிர்வால் கணிக்கலாம் என்று காட்டிய கட்டுரை, 'நேச்சர்' என்னும் புகழ்பெற்ற ஆய்விதழில் வெளிவந்தது. 1985-இல் வெப்பத்திற்குப் பதிலாக ஒளியைப் பாய்ச்சியே அச்சேமிப்பை வெளிக்கொணரும் முறை வேறு அறிஞர்களால் கண்டறியப்பட்டது. இன்று பெரும்பாலும் கையாளப்படுவது இம்முறையே.

காற்றில் பறக்கும்போது வெயில் படுவதால் மணலின் கணக்கு அழிகிறது. வேறு மணல் வந்து மேலே மூடியதும், இருளில் புதுக்கணக்குத் தொடங்குகிறது. ஆகவே ஒரு குன்றின் ஒவ்வோர் அடுக்கும், தான் மூடப்பட்ட காலத்தைத் தனித்தனியே வைத்திருக்கிறது. அதனைப் படிக்க வருபவர்கள் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரில் குழாயை அடித்து இறக்கி, இரு முனையையும் மூடி, வெயில் படாமல் எடுத்துச் செல்கின்றனர். ஆய்வுக்கூடத்திலும் மங்கிய சிவப்பு விளக்கின் கீழேதான் அதனைத் திறக்கின்றனர். ஒளி பட்டுவிட்டால் ஆயிரமாயிரம் ஆண்டுக் கணக்கு சில நிமிடங்களில் கரைந்துவிடும். இருளில் வளர்ந்து ஒளியில் அழியும் நினைவு அது.

பாலை என்பது யாது

இராசத்தானத்துத் தார்ப் பாலைவனத்தின் மணற்குன்றுகளைச் சிங்வியும், சோத்பூர் வறள்நில ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தீர், அமல் கர் முதலிய அறிஞர்களும் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். அங்கே ஓர் இலட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக மணல் குவிந்து வந்துள்ளது. ஆனால் அது இடைவிடாது குவியவில்லை. குன்றுகள் சில காலம் வளர்ந்தன, சில காலம் புல் மூடி உறங்கின, மீண்டும் எழுந்தன.

அவை மிகுதியாக வளர்ந்த காலம் எது என்பதில்தான் எதிர்பாராத விடை கிடைத்தது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழி உச்சத்தில் இருந்தபோது இந்நாடு மிக வறண்டிருந்தது. அக்காலத்தில்தான் குன்றுகள் பெரிதும் வளர்ந்திருக்கும் என்று பலரும் எண்ணியிருந்தனர். மணலின் கணக்கோ வேறு கூறிற்று. அப்போது பருவக்காற்றே வலுவிழந்திருந்தது. மணல் இருந்தும் அள்ளும் கை இல்லை. பனியூழி தளர்ந்து, தென்மேற்குக் காற்று மீண்டும் வலுப்பெறத் தொடங்கிய இடைக்காலத்தில்தான் குன்றுகள் விரைந்து வளர்ந்தன. காற்று வந்துவிட்டது, அதன் பின்னே வரவேண்டிய மழையும் புல்லும் இன்னும் முழுமையாக வரவில்லை. அந்த இடைவெளியில் மணல் எழுந்தது.

இவ்விடத்தில் தமிழ் மரபை எண்ணிப் பார்த்தல் தகும். தொல்காப்பியர் நானிலத்திற்கும் தெய்வம் கூறிப் பாலைக்குக் கூறாது விடுத்தார். அதனை நடுவுநிலைத் திணை என்றார். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டு வருத்தும் நிலையே பாலை என்னும் கருத்தை இளங்கோவடிகள் காடுகாண் காதையில் வைத்துள்ளார். பாலை ஓர் இடத்தின் பெயராக மட்டும் நில்லாமல், எந்த நிலத்திற்கும் நேரக்கூடிய ஒரு நிலையின் பெயராகவும் நின்றது. தார்ப் பாலைவனத்து மணல் கூறும் செய்தியும் இதனை ஒத்ததே. ஒன்று மாறி மற்றொன்று நிலைபெறாத இடைக்காலத்தில் நிலம் பாலையாகிறது. பழம்புலவர்கள் அறிவியலை முன்னரே அறிந்திருந்தனர் என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் மிகை. வெயிலில் நடந்து, நிலத்தை உற்று நோக்கியவர்கள் அவர்கள். அந்த நோக்கின் கூர்மையே போற்றத்தக்கது.

நிலம் பாலையாவதற்கு மனிதனும் காரணமாவான். அமெரிக்க நாட்டின் நடுச் சமவெளிகளில் புல்வெளியை உழுது கோதுமை விதைத்தனர். 1930-களில் வறட்சி வந்தபோது வேர்ப்பிடிப்பில்லாத மண் எழுந்து பறந்தது. 1935 ஏப்ரல் 14-ஆம் நாள் எழுந்த புழுதிப்புயல் பகலை இருளாக்கிற்று. அந்நாளைக் கறுப்பு ஞாயிறு என்று இன்றும் அழைக்கின்றனர். நடு ஆசியாவின் ஆரல் கடலுக்கு வரும் ஆறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பியதால், 1960-களிலிருந்து அக்கடல் சுருங்கிற்று. நீர் கிடந்த இடம் உப்புப்புழுதி எழும் புதுப்பாலையாயிற்று.

தேரி கூறும் செய்தி

தமிழ்நாட்டில் காற்று எழுதிய ஏடு தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் தேரிகளே. குதிரைமொழித் தேரி, சாத்தான்குளம் தேரி, இட்டமொழித் தேரி எனக் கடற்கரையை ஒட்டி அவை பரந்து கிடக்கின்றன. மேற்குமலையின் கணவாய்கள் வழியே வரும் கோடைக்காற்று, அடிவாரத்துச் செம்மண்ணை வாரிக்கொண்டுவந்து கரையோரம் குவித்தது என்பது பழைய விளக்கம். பனியூழியில் கடல் மட்டம் இன்றையினும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்து, கடலடி நிலம் வெளிப்பட்டபோது அம்மணலும் காற்றுக்கு இரையாயிற்று என்பது பின்னர் வந்த விளக்கம். மணலின் செந்நிறம், குவிந்தபின் துகள்களின் மேல் படிந்த இரும்புத் துருவின் நிறம் என்பதும் ஆய்வால் தெரியவந்துள்ளது.

தேரிகளில் மனிதன் நடந்த தடமும் கிடைத்தது. சிறு கற்கருவிகள் அங்கே பரவிக் கிடப்பதைக் கண்ட அறிஞர்களுள் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் குறிப்பிடத்தக்கவர்கள். 1956-இல் வெளியிட்ட கட்டுரையில், பழைய கடல்மட்டத்தின் உயரத்தைக் கொண்டு, அக்கருவிகள் ஏறத்தாழ 6,000 ஆண்டுப் பழமையுடையன என்று அவர்கள் மதிப்பிட்டனர். அன்று மணலையே கேட்டறியும் வழி இல்லை. அவ்வழி வந்தபின், 1986-இல் சிங்வியும் இலங்கைத் தொல்லியலறிஞர் சிரான் தெரணியகலவும் இலங்கைக் கடற்கரையின் செம்மணற் படிவுகளை ஆராய்ந்து, அவை பல பத்தாயிரம் ஆண்டுப் பழமையுடையன என்று வெளியிட்டனர். 2012-இல் சிங்வி உள்ளிட்ட குழுவினர் தமிழகத்துத் தென்கிழக்குக் கரையின் செம்மணலையும் ஒளிர்வு முறையால் ஆராய்ந்து வெளியிட்டனர். ஒரே முறையால் இரு கரைகளின் மணலும் பேசத் தொடங்கின.

தேரியில் வாழ்ந்த மக்கள் நகரும் மணலைப் பனையாலும் உடைமரத்தாலும் கட்டினர். பனையின் வேர் பிடித்த இடத்தில் காற்று தோற்றது. தேரி பாலையாகக் கிடந்து அழியாமல் பனைநிலமாக நின்றதற்கு அம்மக்களின் உழைப்பே காரணம்.

புழுதியும் மழையும்

புழுதி தீமை மட்டுமே தருவதன்று. 2018 மே மாதத் தொடக்கத்தில் இராசத்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் வீசிய புழுதிப்புயலும் மழையும் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரைக் கொண்டன. அதனை மறத்தல் ஆகாது. எனினும், சகாராவின் புழுதி பெருங்கடலைக் கடந்து அமேசான் காட்டிற்கு உரமாகிறது. மேற்காசியப் பாலைவனங்களிலிருந்து எழும் புழுதி அரபிக்கடலின் மேல் பரவும்போது, அது வெயிலை உள்வாங்கி அங்குள்ள காற்றை வெம்மையாக்குகிறது; அதனால் கடலின் ஈரக்காற்று வலுத்து, ஏறத்தாழ ஒரு வாரத்திற்குள் நடு இந்தியாவில் மழை மிகுகிறது. புவனேசுவரத்து அறிவியலறிஞர் வினோஜும் அவருடன் பணிபுரிந்தோரும் 2014-இல் இதனை வெளியிட்டனர். எங்கோ ஒரு பாலையின் புழுதி இங்கே ஒருவன் வயலுக்கு மழையாகலாம்.

பாலாற்று மணல்

இவையனைத்தும் செவிலிமேட்டிற்கு உரிய செய்தியாவது பாலாற்றின் மணலில்தான். கருநாடகத்தில் நந்திமலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டில் நெடுந்தொலைவு நடந்து, வயலூர் அருகே கடலைச் சேர்கிறது பாலாறு. 2021 நவம்பரில் பெருகி ஓடியது போன்ற வெள்ளம் அரிது. ஆண்டின் பெரும்பகுதி அது மணலாறு. ஆயினும் அம்மணல் வெறும் மணலன்று. துகள்களின் இடைவெளியில் நீரைத் தேக்கி வைக்கும் களஞ்சியம் அது. ஓரிக்கையில் ஆற்றுப்படுகையில் அமைத்த கிணறுகளின் நீரைக் காஞ்சி நகரம் குடித்து வந்துள்ளது. இராமாநுசர் வரதருக்கு நாள்தோறும் நீர் சுமந்த சாலைக்கிணறு செவிலிமேட்டின் அருகில்தான் உள்ளது. சித்திரைப் பௌர்ணமியில் வரதர் இறங்குவதும் பாலாற்று மணலில்தான்.

அந்த மணல் பல ஆண்டுகள் வண்டி வண்டியாகவும் லாரி லாரியாகவும் அள்ளப்பட்டது. படுகை தாழ்ந்தது, நீர்மட்டம் இறங்கியது, களிமண் வெளிப்பட்ட இடத்தில் சீமைக் கருவேலம் முளைத்தது. நீர் போயிற்று என்பதைக் குடம் ஏந்திய ஒவ்வொருவரும் அறிவர். நீரோடு போன மற்றொன்றை அறிந்தோர் சிலரே.

பாலாறு ஒரு காலத்தில் காஞ்சிக்கு வடக்கே சென்று, கொற்றலையாற்றின் வழியே கடலை அடைந்தது என்று நிலவியலார் கருதுகின்றனர். ஆறு எக்காலத்தில் தெற்கே திரும்பிற்று? எவ்வெள்ளம் அதனைத் திருப்பிற்று? இவ்வினாக்களுக்குக் கல்வெட்டில் விடை தேடுவதினும், படுகையின் ஆழத்தில் இருளில் கிடக்கும் மணலிடம் தேடுவதே பொருந்தும். அம்மணலை அள்ளி வெயிலில் கொட்டிய சில நிமிடங்களில் அதன் கணக்கு அழிகிறது. பின்னர் அது சுண்ணாம்போடும் சிமெண்டோடும் கலந்து, சுவருக்குள் இருண்டு, வீடு கட்டிய நாளிலிருந்து புதுக்கணக்கைத் தொடங்குகிறது. ஓர் ஆற்றின் வரலாறு அழிந்து, ஒரு சுவரின் வரலாறு தொடங்குகிறது.

இழப்பு படுகையோடும் நிற்பதில்லை. ஆறு கடலில் சேர்க்கும் மணலை அலை கரையோரமாக நகர்த்துகிறது. இக்கரையில் அந்நகர்வு பெரும்பாலும் வடக்கு நோக்கியது. கரையில் ஒதுங்கிய மணலைக் காற்று மேடாக்குகிறது. அம்மேடுகளே கடலுக்கும் ஊருக்கும் இடையே நிற்கும் அரண். வயலூருக்கு வடக்கே, மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில், 2004 திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, பல்லவர் காலத்து முருகன் கோயிலும் அதன் அடியில் அதனினும் பழைய செங்கல் தளியும் மணலுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. கல்லும் செங்கல்லும் மறைந்துபோன இடத்தில் அவற்றைக் காத்து வைத்திருந்தது மணலே.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

புதுமை வேண்டிப் புது உவமை தேடும் கவிஞர்கள் மணலை மீண்டும் ஒருமுறை கூர்ந்து நோக்குவாராக. நிலையாமைக்கு மட்டுமே அது உவமையாகும் என்ற முடிவு இனிப் பொருந்தாது. புதைந்து கிடந்தும் மறவாத நெஞ்சிற்கும், வெளிச்சத்தில் வந்த கணத்தில் அனைத்தையும் இழக்கும் நினைவிற்கும் மணலே உவமையாகும். அயிர், எக்கர், பூழி என்னும் சொற்கள் அகராதியில் மட்டும் உறங்க விடத்தக்கன அல்ல. அவற்றைக் கையாளும் கவிஞன் அவை குறித்த பொருளையும் சென்று காணக் கடமைப்பட்டவன். செவிலிமேட்டுப் பாலத்தில் நின்று கீழே நோக்கினால், எக்கர் எங்கே இருந்தது, எங்கே இல்லாமற் போயிற்று என்பது விளங்கும். சொல்லைக் காப்பவர்களே பொருளும் காக்கப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை உடையவர்கள்.

பத்தாண்டுகளாகத் தமிழ்ச் சொல்லைப் பேணி வரும் இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டில், பாலாற்று மணலைப் பற்றிய நல்ல கவிதைகள் சில பிறக்குமாயின், இவ்வுரை தன் பயனைப் பெற்றதாகும்.